கம்பளி கட்டியதும் காசு இடித்ததும்: பிராட்ஃபோர்டின் கதை

இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயரில் இருக்கிறது பிராட்ஃபோர்ட். அந்த ஊர்க் கம்பளி வியாபாரிகள் 1864 ஏப்ரலில் ஒரு பெரிய மனிதரைப் பேச அழைத்திருந்தார்கள். ஊருக்குப் புதிதாக ஒரு கம்பளிச் சந்தைக் கட்டடம், அவர்கள் பேச்சில் 'வுல் எக்ஸ்சேஞ்ச்', எழுப்பப் போகிறார்கள். அதை எந்தப் பாணியில் கட்டலாம் என்று யோசனை சொல்லத்தான் ஜான் ரஸ்கின் வந்தார். கட்டடக்கலையில் அன்று அவர் சொன்னதுதான் வேதவாக்கு. வந்தவர் மேடையேறியதும் போட்டு உடைத்துவிட்டார்: உங்கள் எக்ஸ்சேஞ்சில் எனக்கு அக்கறையே இல்லை, ஏனென்றால் உங்களுக்கே அதில் அக்கறை இல்லை.

ஓர் ஊர் எதைக் கும்பிடுகிறதோ அதைத்தான் அதன் கட்டடங்கள் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் வாதம். பிராட்ஃபோர்ட்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை எந்தக் கடவுளைக் கும்பிட்டாலும், மற்ற ஆறு நாளும் கும்பிடுவது வேறு ஒரு தெய்வத்தை. அந்தத் தெய்வத்துக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் 'முன்னுக்கு வரும் அம்மன்' என்று சொல்லலாம். ஆகவே சந்தைக் கட்டடத்தின் நெற்றியில் பணப்பைகளைச் செதுக்கித் தொங்கவிடுங்கள், தூண்களின் அடியை நோட்டீஸ் ஒட்டத் தோதாக அகலமாக வையுங்கள் என்று யோசனையும் சொன்னார்.

வியாபாரிகள் அசரவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் பாமர்ஸ்டனைக் கூப்பிட்டு அடிக்கல் நாட்டினார்கள். 1867ல் கட்டடம் திறந்தது. பாணி? வெனிஸ் நகரத்துக் கோதிக், கூர்முனை வளைவுகள் வைத்த இடைக்காலப் பாணி. இங்கிலாந்தில் அந்தப் பாணிக்கு மோகத்தைக் கிளப்பிவிட்டவரே ரஸ்கின்தான். திட்டியவருடைய ரசனையையே எடுத்து மாட்டிக்கொண்டது ஊர்.

விக்டோரியா ராணி ஆண்ட காலத்துத் தொழில் நகரம் ஒன்றின் கட்டடங்களைப் புரிந்துகொள்ள இந்தக் கூட்டத்தைவிட நல்ல தொடக்கம் கிடையாது. மான்செஸ்டர், லீட்ஸ், பர்மிங்காம் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். பிராட்ஃபோர்டில் அது கொஞ்சம் கூர்மையாகத் தெரிகிறது. நூறு ஆண்டு கழித்து அதே கட்டடங்களை இடித்தவர்களும் அதே அம்மனைக் கும்பிட்டுக்கொண்டுதான் இடித்தார்கள் என்பதையும் அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

ஊர் எப்படி ஊதிப் பெருத்தது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1801ல் அங்கே சுமார் 13 ஆயிரம் பேர். 1851ல் 1 லட்சத்து 3 ஆயிரம் பேர். இத்தனைக்கும் அது நகரம் வளர வாகான இடமே இல்லை. மலைகளுக்கு நடுவே கிண்ணம் போன்ற பள்ளம். பெரிய ஆறு கிடையாது. இருந்த ஓடையும் அழுக்குத் தாங்காமல் பிறகு பாதாளத்தில் மூடப்பட்டது. ஆனால் பக்கத்திலேயே நிலக்கரி கிடைத்தது, இரும்பு கிடைத்தது. மலையை வெட்டினால் தேன் நிறத்தில் அருமையான மணற்கல் கிடைத்தது. சுற்றுக் கிராமங்களில் பரம்பரையாகக் கம்பளி நூற்று நெய்கிறவர்கள் இருந்தார்கள்.

அவர்கள் நெய்தது 'வொர்ஸ்டட்' துணி. குளிருக்குப் போர்த்துகிற முரட்டுக் கம்பளி வேறு, இது வேறு. நீள இழைகளை மட்டும் சீவி எடுத்து, ஒரே திசையில் படியவைத்து, இறுக்கமாக முறுக்கி நூற்பது வொர்ஸ்டட். கோட்டு, சூட்டு தைக்கிற வழவழப்பான துணி. நூற்பும் நெசவும் இயந்திரத்துக்குப் போன பிறகும் இழையைச் சீவும் வேலை மட்டும் கையிலேயே இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதற்கும் இயந்திரம் வந்தது. கைச்சீப்புக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்தார்கள். ஆலை முதலாளிகள் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 200க்கு மேல் ஆலைப் புகைபோக்கிகள் ஊரைச் சுற்றி நின்றன என்பார்கள். 1840களில் அங்கே குமாஸ்தாவாக இருந்த ஒரு ஜெர்மன் கவிஞர், மற்றத் தொழில் நகரங்களின் புகையையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, பிராட்ஃபோர்டில் இருப்பது சாத்தானோடேயே குடித்தனம் பண்ணுவது போல என்று எழுதிவைத்தார். மிகை இல்லை. அன்றைய பிராட்ஃபோர்டில் சராசரி ஆயுள் 18 வயதுக்குச் சற்றே அதிகம். ஆலைத் தொழிலாளர்களுக்குப் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேல் பதினைந்தைத் தாண்டவில்லை.

இப்படிப்பட்ட ஊருக்குக் கையில் பணம் வந்ததும் என்ன தோன்றும்? மரியாதை வேண்டும் என்றுதான் தோன்றும். பழைய அரண்மனையோ, பல்கலைக்கழகமோ, பேர்போன வரலாறோ கிடையாது. பக்கத்து ஊரான லீட்ஸ் 1858ல் பிரம்மாண்டமாக ஒரு டவுன் ஹால் கட்டி, விக்டோரியா ராணியையே வரவழைத்துத் திறந்துவிட்டது. பிராட்ஃபோர்டுக்குச் சும்மா இருக்க முடியுமா?

லாக்வுட் அண்டு மாசன் என்ற கட்டடக்கலை நிறுவனம்தான் அந்த ஊருக்கு முகம் வரைந்தது. லீட்ஸுக்கு முன்பே, 1853ல் திறந்த செயின்ட் ஜார்ஜ் ஹால் அவர்களுடையது. இசைக் கச்சேரிக்கான அரங்கம், வெளியே ரோமானியக் கோயில் போலத் தூண் வரிசை. வுல் எக்ஸ்சேஞ்ச் அவர்களுடையது. 1873ல் திறந்த டவுன் ஹாலும் அவர்களுடையதே. மூன்றும் மூன்று உடுப்பு: ஒன்று ரோமாபுரி, ஒன்று வெனிஸ், மூன்றாவது ஃபிளாரன்ஸ். டவுன் ஹாலின் 220 அடிக் கோபுரத்தைப் பார்த்தால் ஃபிளாரன்ஸில் இருக்கும் வெக்கியோ மாளிகையின் கோபுரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததுபோல இருக்கும். சுவரைச் சுற்றி இங்கிலாந்தை ஆண்ட அரசர், அரசிகள் 35 பேருக்குச் சிலைகள். அரசனின் தலையை வெட்டிய ஆலிவர் கிராம்வெல்லையும் அந்த 35 பேரில் சேர்த்துக்கொண்டார்கள்! வணிகர்களும் இங்கிலாந்தின் அரசுத் திருச்சபையில் சேராத கிறிஸ்தவர்களும் நிறைந்த ஊர், கிராம்வெல்லை விட்டுக்கொடுக்க மனமில்லை போலும்.

ஏன் இத்தாலி? காரணம் இருக்கிறது. வெனிஸும் ஃபிளாரன்ஸும் துணியிலும் வட்டியிலும் பணம் சேர்த்த வியாபாரிகள் ஆண்ட நகரங்கள். பிரபுக்களின் உதவி இல்லாமலே அழகான ஊர் கட்டிக் காட்டியவர்கள். பிராட்ஃபோர்ட் வியாபாரி அந்தக் கண்ணாடியில்தான் தன்னைப் பார்த்துக்கொள்ள விரும்பினார். வுல் எக்ஸ்சேஞ்சின் வெளிச்சுவரில் யார் யார் முகத்தைச் செதுக்கினார்கள் என்று பார்த்தால் அந்த மனம் புரியும். நீராவி இயந்திரத்துக்கு வாட், நூற்பு இயந்திரத்துக்கு ஆர்க்ரைட், ரயிலுக்கு ஸ்டீவன்சன், கடல் வழிக்குக் கொலம்பஸும் குக்கும், தடையில்லா வாணிபத்துக்குக் காப்டன், உள்ளூர்ப் பெருமைக்கு ஆலை அதிபர் டைட்டஸ் சால்ட். வாசலில் கம்பளி சீவுவோரின் காவல் தெய்வமான புனித பிளேஸ்.

பிளேஸைப் பற்றி ஒரு சின்னக் கிளைக்கதை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை அவருக்குப் பிராட்ஃபோர்டில் பெரிய திருவிழா நடக்கும். முதலாளியும் தொழிலாளியும் ஒன்றாக ஊர்வலம் போவார்கள். கடைசித் திருவிழா 1825 பிப்ரவரியில். அதே ஆண்டு கோடையில் கம்பளி சீவுவோரும் நெசவாளரும் கூலிக்காகவும் சங்கம் வைக்கும் உரிமைக்காகவும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 23 வாரம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். அதற்கப்புறம் திருவிழாவே இல்லை. நாற்பது ஆண்டு கழித்து, கையால் சீவுகிறவர்களே ஊரில் இல்லாமல் போன பிறகு, அவர்களுடைய சாமியைக் கல்லில் செதுக்கி வாசலில் நிறுத்தினார்கள் வியாபாரிகள்.

பொதுக் கட்டடங்களைவிட எனக்குச் சுவாரசியமாகப் படுவது கிடங்குகள்தான். நகர மையத்துக்குக் கிழக்கே சரிவில் 'லிட்டில் ஜெர்மனி' என்றொரு பகுதி. 1830கள் தொடங்கி ஜெர்மனியிலிருந்து வந்த துணி வியாபாரிகள், பலர் யூதர்கள், இங்கே கடை பரப்பினார்கள். ஜேக்கப் பெரன்ஸ் போன்றவர்கள் ஊருக்கே வாணிபச் சங்கம் அமைத்தார்கள். இசையமைப்பாளர் டீலியஸ் இப்படி வந்த ஒரு ஜெர்மன் கம்பளி வியாபாரியின் மகனாக 1862ல் பிராட்ஃபோர்டில் பிறந்தவர். 1850களிலிருந்து சுமார் முப்பது, நாற்பது ஆண்டுகளில் இவர்களும் மற்றவர்களும் நான்கு, ஐந்து மாடிக் கிடங்குகளை நெருக்கியடித்து எழுப்பினார்கள்.

அந்தக் கிடங்குகள் வேலைசெய்த விதம் அழகானது. தெருமுனை வாசல் வாடிக்கையாளருக்கு. அங்கேதான் செதுக்கல் எல்லாம். அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் துணி அனுப்பிய 1871ஆம் ஆண்டுக் கிடங்கு ஒன்றின் வாசலுக்கு மேலே பெரிய கல் கழுகு இன்னும் சிறகு விரித்து உட்கார்ந்திருக்கிறது. உள்ளே நுழைந்தால் அகலமான படிக்கட்டு, மரவேலை, விருந்தினர் அறை. பின்பக்கம் போனால் வெறும் சுவர், வண்டி நுழையும் வழி, துணிப் பொதியைத் தூக்கும் நீரழுத்த ஏற்றம். மேல் மாடியில் வரிசையாகப் பெரிய ஜன்னல்கள். துணியின் நிறத்தையும் நெசவுக் குறையையும் விளக்கொளியில் பார்த்தால் ஏமாந்துபோவோம், பகல் வெளிச்சம் வேண்டும் என்பதால் அந்த ஜன்னல்கள். முகப்பைப் பார்த்தால் ராஜகுமாரனின் மாளிகை, முதுகைப் பார்த்தால் குடோன்.

ஆலைகளிலும் இந்த வேஷம் உண்டு. சாமுவேல் லிஸ்டரின் மானிங்காம் ஆலை 1871ல் எரிந்தது. 1873க்குள் புதிதாக எழுந்தது. பட்டும் வெல்வெட்டும் நெய்த ஆலை. அதன் புகைபோக்கி 249 அடி. வெறும் புகைக் குழாய்க்கு இத்தாலிய மணிக்கோபுரத்தின் வடிவம். நான்கு பட்டை, உச்சியில் வேலைப்பாடு. உச்சத்தில் 11 ஆயிரம் பேர் அங்கே வேலை பார்த்தார்கள். 1890 டிசம்பரில் கூலியைக் குறைத்தபோது அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கி மாதக்கணக்கில் போராடித் தோற்றார்கள். அந்தத் தோல்வியின் சூட்டில்தான் 1893ல் பிராட்ஃபோர்டிலேயே சுதந்திரத் தொழிலாளர் கட்சி பிறந்தது. இன்றைய பிரிட்டிஷ் லேபர் கட்சியின் வேர்களில் ஒன்று அது.

புகைபோக்கிக்கு வேஷம் கட்டுவதில் ஆபத்தும் இருந்தது. ஊரின் வெஸ்ட் பவுலிங் பகுதியில் நியூலேண்ட்ஸ் ஆலையின் புகைபோக்கி 255 அடி. அதைப் பழைய நிலக்கரிச் சுரங்கத்தின் மேலேயே கட்டியிருந்தார்கள். கட்டும்போதே சாய்ந்தது, ஒரு பக்கத்துக் கல்லை அறுத்து எடுத்து நிமிர்த்தினார்கள். இருபது ஆண்டு நின்றது. விரிசல் விழுந்து, ஒட்டுப்போடும் வேலை நடந்துகொண்டிருந்தபோது 1882 டிசம்பர் 28ஆம் தேதி காலை எட்டு மணிக்குமேல் ஆலை மேலேயே சரிந்தது. 54 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள், சிறுவர் சிறுமியர். காலைச் சாப்பாட்டுக்குப் பலர் வெளியே போயிருந்த நேரம் என்பதால்தான் கணக்கு அதோடு நின்றது. விசாரணையில் முதலாளிகள் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு வந்தது. விக்டோரியா காலக் கட்டடங்களின் படங்களைப் பார்த்து உருகுகிறவர்கள், என்னையும் சேர்த்துத்தான், இந்தப் புகைபோக்கியையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

இனி இடிப்பு.

1950களின் பிராட்ஃபோர்டைப் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் பார்த்தால், நிறப் படம் எடுத்திருந்தாலும் வித்தியாசம் தெரிந்திருக்காது என்று தோன்றும். தேன் நிற மணற்கல் நூறு ஆண்டுப் புகையைக் குடித்துக் கரியாகிவிட்டது. செதுக்கலெல்லாம் கரி மூடி மொழுமொழுவென்று இருந்தது. அந்த ஊரில் வளர்ந்த பலருக்குக் கட்டடத்துக்கு அடியில் வேறு நிறம் இருக்கிறது என்றே தெரியாது. புகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1956ல் வந்தது. கல்லைக் கழுவித் துடைக்கும் வேலை அதற்கும் பிறகுதான். இடிக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுத்த காலத்தில் அந்தக் கட்டடங்கள் மிக அசிங்கமாக இருந்தன. இதை மறந்துவிட்டு இடித்தவர்களைத் திட்டுவது எளிது.

நகராட்சியின் தலைமைப் பொறியாளர் ஸ்டான்லி வார்ட்லி. 1953ல் அங்கீகாரம் பெற்ற அவருடைய நகர மையத் திட்டம், கார்களுக்கான திட்டம். ஊரைச் சுற்றி வளையச் சாலை, நடுவே அகலமான தெருக்கள், இரண்டு பக்கமும் கான்கிரீட்டும் கண்ணாடியுமாக அலுவலகக் கட்டடங்கள். குண்டுவீச்சில் நாசமான நகரங்களெல்லாம் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தன. பிராட்ஃபோர்டில் அவ்வளவு பெரிய குண்டுச் சேதம் இல்லை. அதனால் தானே இடித்துக்கொண்டது என்று சிலர் கசப்பாகச் சொல்வதுண்டு. புதியதைக் கட்டியவர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. கரி பிடித்த சந்துகளிலும் ஈரச் சுவர்களுக்குள்ளும் பிறந்தவர்களுக்கு வெளிச்சமும் அகலமும் சுத்தமும்தான் சொர்க்கம். முன்னுக்கு வரும் அம்மன் புது வேஷம் போட்டு வந்தாள், அவ்வளவுதான்.

இழந்தவற்றில் ஊர் அதிகம் அழுதது ஸ்வான் ஆர்கேடுக்குத்தான். 1870களின் கடைசியில் 'ஒயிட் ஸ்வான்' என்ற பழைய சத்திரம் இருந்த இடத்தில் கட்டியது. கண்ணாடிக் கூரை போட்ட உள்தெருக்கள், கீழே கடைகள், மேலே கம்பளி வியாபாரிகளின் அலுவலகங்கள். மழை ஓயாத ஊரில் நனையாமல் நடக்க ஓர் இடம். பிராட்ஃபோர்டில் பிறந்த எழுத்தாளர் ஜே. பி. பிரீஸ்ட்லி முதல் உலகப் போருக்கு முன் சில ஆண்டுகள் அங்கேதான் ஒரு கம்பளிக் கம்பெனியில் இளம் குமாஸ்தாவாக இருந்தார். அதை இடிக்கப்போகிறார்கள் என்றதும் வெளிப்படையாக எதிர்த்தார். யாரும் கேட்கவில்லை. 1962ல் இடித்து, அந்த இடத்தில் ஆர்ன்டேல் ஹவுஸ் என்ற கான்கிரீட் கட்டடத்தை எழுப்பினார்கள்.

ஆர்ன்டேல் என்ற பெயர் பிரிட்டனில் இருந்தவர்களுக்குப் பழக்கம். ஊருக்கு ஊர் முளைத்த ஷாப்பிங் சென்டர்களின் பெயர் அது. அந்தக் கம்பெனியே பிராட்ஃபோர்டில் பிறந்தது: ஆர்னால்டு ஹாகன்பாக், சாம் சிப்பன்டேல் என்ற இருவரின் பெயரை வெட்டி ஒட்டி 'ஆர்ன்டேல்'. ஆக, கம்பளிக்குப் பிறகு பிராட்ஃபோர்ட் நாட்டுக்கு ஏற்றுமதி செய்த சரக்குகளில் பழைய ஊர்மையத்தை இடித்து மால் கட்டும் வித்தையும் ஒன்று.

அடுத்தது கிர்க்கேட் சந்தை. அதுவும் லாக்வுட் அண்டு மாசன் கைவேலை, 1878ல் திறந்தது. வெளியே கல் முகப்பு, உள்ளே வார்ப்பிரும்புத் தூண்களும் கண்ணாடிக் குவிமாடங்களும். கறி, மீன், துணி, பொம்மை, பழைய புத்தகம் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஊரே அதைக் காப்பாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது. 1973ல் அதுவும் போனது. 1976ல் அங்கே திறந்தது, வேறென்ன, ஆர்ன்டேல் சென்டர். எக்ஸ்சேஞ்ச் ரயில் நிலையத்தின் இரட்டை வளைவுக் கூரை அதே 1976ல் போனது. அந்த இடத்தில் இன்று நீதிமன்றம் நிற்கிறது. தொழிலாளர்கள் படிப்பதற்காக 1871ல் திறந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட்டும் 1970களில் தரைமட்டம்.

சட்டம் எங்கே போயிருந்தது என்று கேட்கலாம். 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே பாதுகாக்க வேண்டிய கட்டடங்களைப் பட்டியலிடும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் பட்டியல் போட்டவர்களின் கண் இடைக்காலத் தேவாலயங்களிலும் 18ஆம் நூற்றாண்டு மாளிகைகளிலும் இருந்தது. விக்டோரியா காலம் என்றால் அவர்களுக்குத் தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கும் சாமான் மாதிரி. பழசுதான், ஆனால் பொக்கிஷம் இல்லை. பட்டியலில் ஏறிய கட்டடத்தைக்கூட முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு இடிக்க முடிந்தது. அனுமதி வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம் 1968ல்தான் வந்தது. விக்டோரியா காலக் கட்டடங்களுக்காகப் பேச 'விக்டோரியன் சொசைட்டி' 1958ல் தொடங்கியது. அது தொடங்கியும் லண்டனில் யூஸ்டன் ரயில் நிலைய வளைவைக் காப்பாற்ற முடியவில்லை. ஸ்வான் ஆர்கேடு விழுந்த அதே காலத்தில்தான் அதுவும் விழுந்தது. இரண்டும் கொஞ்சம் முன்னால் போய்விட்ட பலிகள்.

சரி, இடித்துக் கட்டியது எவ்வளவு நாள் நின்றது? இங்கேதான் கதை சிரிப்பாகிவிடுகிறது. வார்ட்லி திட்டப்படி ஃபார்ஸ்டர் சதுக்கத்தைச் சுற்றி 1960களில் எழுந்த கான்கிரீட் அலுவலகங்களை நாற்பது ஆண்டு ஆனதும் 2000களின் நடுவில் இடித்தார்கள். அங்கே புதிதாகப் பெரிய மால் ஒன்று வருவதாக இருந்தது. 2008ல் உலகப் பொருளாதாரமே சரிய, வேலை நின்றது. நகரத்தின் நட்ட நடுவே பெரிய பள்ளம். வருஷக்கணக்கில் வேலி போட்டுக் கிடந்தது. ஊர்க்காரர்கள் அதை வைத்துச் செய்யாத கேலி இல்லை. மால் 2015 நவம்பரில் திறந்தது. கிர்க்கேட் சந்தையின் இடத்தில் வந்த ஆர்ன்டேல் சென்டரையும் நகராட்சி விலைக்கு வாங்கியது, இடித்துக் குடியிருப்புகள் கட்டுவதற்காக. பழைய சந்தை தொண்ணூற்றைந்து ஆண்டு நின்றது. அதை விழுங்கியது ஐம்பதைத் தொடுவதற்குள் தேவையில்லாததாகிவிட்டது.

அப்படியானால் மிச்சம் இருப்பவை எப்படித் தப்பின? ஊர் திருந்தியதால் என்று சொல்ல ஆசைதான். உண்மை அவ்வளவு இனிப்பாக இல்லை. லிட்டில் ஜெர்மனி முழுசாக நிற்கக் காரணம், அதை இடித்துக் கட்டினால் லாபம் வராது என்பதே. 1970களில் கம்பளித் தொழில் படுத்துவிட்டது. பணக்கார நகரங்களில் ஒரு கட்டடம் காலியானால் இடிப்பவர் உடனே வந்துவிடுவார். ஏழை நகரத்தில் அது காலியாகவே கிடக்கும். கிடந்தது. 1973ல் பாதுகாப்புப் பகுதியாகவும் அறிவித்தார்கள். இன்று அங்கே சுமார் 85 கட்டடங்களில் 55 பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. அந்த ஊருக்குப் பணம் கட்டடம் கட்டிக்கொடுத்தது, பணமே இடித்தது, கையில் பணமில்லாத காலம் சிலவற்றைக் காப்பாற்றிக் கொடுத்தது.

வேறு ஒரு கூட்டமும் இந்தக் கட்டடங்களுக்கு ஆயுளை நீட்டியது. புது இயந்திரங்களை 24 மணி நேரமும் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்ற நிலை வந்தபோது, இரவு ஷிப்ட்டுக்கு ஆள் கிடைக்கவில்லை. 1950, 60களில் அந்த ஷிப்ட்டுகளை நிரப்பியவர்கள் பெரும்பாலும் பாகிஸ்தான் நிர்வாகத்தில் உள்ள காஷ்மீரின் மீர்பூர்ப் பகுதியிலிருந்து வந்த ஆண்கள். மங்களா அணை கட்டியதில் சுமார் ஒரு லட்சம் பேர் ஊரை இழந்த பகுதி அது. ஆலைகள் மூடியதும் முதலில் வேலை போனதும் அவர்களுக்குத்தான். காலியான ஆலைகளிலும் கிடங்குகளிலும் மொத்த மளிகை, சேலைக்கடை, கல்யாண மண்டபம் என்று ஏதோ ஒன்றை நடத்தி, கூரை ஒழுகாமல் பார்த்துக்கொண்டவர்களில் அவர்கள் பிள்ளைகளும் உண்டு. பாரம்பரியக் கட்டடங்களைப் பற்றிய பளபளப்பான புத்தகங்களில் இவர்களை அவ்வளவாகக் காண முடியாது.

மானிங்காம் ஆலை 1992ல் மூடிப் பாழாய்க் கிடந்து, பிறகு அடுக்குமாடி வீடுகளாக மாறியது. லிஸ்டரின் புகைபோக்கி இன்றும் மேட்டில் நின்று ஊரைப் பார்க்கிறது. பக்கத்தில் டைட்டஸ் சால்ட் தன் தொழிலாளர்களுக்காகக் கட்டிய சால்ட்டேர் கிராமம் 2001ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அங்கிருந்த பிரம்மாண்ட ஆலையில், பிராட்ஃபோர்டில் பிறந்த ஓவியர் டேவிட் ஹாக்னியின் படங்கள் தொங்குகின்றன. எல்லாம் இப்படி நல்லபடியாக முடியவில்லை. டிரம்மண்ட் ஆலை 2016 ஜனவரியில் தீப்பிடித்து ஒரே நாளில் போனது. காலியாகக் கிடக்கும் பழைய ஆலைக்கு இன்று இடிப்பவரைவிடப் பெரிய எதிரி நெருப்புதான். எண்ணெய் ஊறிய மரத் தளங்கள், உடைந்த ஜன்னல்கள், காவலாள் கிடையாது. பிடித்தால் அணைக்க முடியாது.

ஊர்க்காரர்களின் மனம் மாறியது என்பதும் பொய்யில்லை. 1930ல் கட்டிய, விக்டோரியா காலத்ததுகூட அல்லாத, பழைய ஓடியன் திரையரங்கை இடிக்கப்போகிறார்கள் என்றதும் 2007ல் ஆயிரம் பேர் கைகோத்து நின்று அந்தக் கட்டடத்தையே கட்டிப்பிடித்தார்கள். அது தப்பித்தது. ஸ்வான் ஆர்கேடைப் பிடித்துக்கொள்ள அன்று அத்தனை கை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வுல் எக்ஸ்சேஞ்சில் வியாபாரம் 1970களின் தொடக்கத்தில் நின்றது. கொஞ்ச காலம் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தார்கள். 1990களில் ஒரு பக்கச் சுவரில் உயரமான கண்ணாடி முகப்பு வைத்து, உள்ளே புத்தகக் கடை வந்தது. கம்பளிப் பேரம் நடந்த தளத்தில் இப்போது அலமாரிகள். மெருகேற்றிய கிரானைட் தூண்களும் மேலே மரக்கூரையும் அப்படியே இருக்கின்றன. மாடியில் காப்பிக் கடை. ரஸ்கின் சொன்ன பணப்பைகளை மட்டும் கடைசி வரை யாரும் செதுக்கவில்லை.